1858 அட்லாண்டிக் தந்தி கேபிள்: நான்கு வாரத்தில் ஏன் செத்தது? ஒரு நிகழ்வு ஆய்வு

1858 ஆகஸ்ட் 5 அன்று அயர்லாந்தின் வலென்சியா தீவும் நியூஃபவுண்ட்லாந்தின் டிரினிட்டி விரிகுடாவும் ஒரே செம்புக் கம்பியால் இணைந்தன. செப்டம்பர் 1க்குப் பிறகு அந்தக் கம்பியில் உருப்படியாகப் படிக்கும்படி எந்தத் தந்தியும் வரவில்லை. தலைமை மின்னியலாளர் 2,000 வோல்ட்டைச் செலுத்திக் கேபிளை எரித்துவிட்டார் என்பதே பாடநூல்களில் இதற்குக் கிடைக்கும் ஒற்றை வரி விளக்கம். அது பொய்யல்ல. ஆனால் கதையின் கடைசி அத்தியாயம் மட்டுமே அது. அந்த மின்னழுத்தம் ஏறுவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எடுத்த முடிவுகளில்தான் பழுதின் வேர் இருக்கிறது.

நிறுவனத்தின் பொறுப்பாளர்களைப் பெயர் சொல்லாமல் பதவியால் மட்டும் குறிப்பிடுகிறோம். விதிகளுக்கும் கருவிகளுக்கும் பெயர் கொடுத்தவர்களைப் பெயரோடு சொல்லாமல் இருக்க முடியாது.

## பின்னணி

அட்லாண்டிக் டெலிகிராஃப் நிறுவனம் 1856 கடைசியில் உருவானது. முதலீடு 3,50,000 பவுண்டு. ஆண்டுக்கு 14,000 பவுண்டு கட்டணமும் கேபிள் இறக்கக் கப்பலும் தர பிரிட்டிஷ் அரசு ஒப்புக்கொண்டது. நான்கு பேரை முக்கியமாகச் சொல்ல வேண்டும். திட்டத்தை முன்னின்று நடத்திய அமெரிக்க வணிகர் ஒருவர். 24 வயதே ஆன தலைமைப் பொறியாளர் ஒருவர். அறுவை மருத்துவத் தொழிலிலிருந்து தந்திச் சோதனைகளுக்கு வந்த தலைமை மின்னியலாளர் ஒருவர். நான்காமவர் இயக்குநர் குழுவில் இருந்த கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு.

இறக்க வேண்டிய நீளம் சுமார் 2,000 கடல் மைல். சில இடங்களில் ஆழம் 2,000 ஃபேதத்துக்கு மேல், அதாவது மூன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிகம். அதற்கு முன் இவ்வளவு நீளத்தையோ இவ்வளவு ஆழத்தையோ யாரும் தொட்டதில்லை.

நீளம் கூடினால் குறிகள் மந்தமாகும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் காப்பைப் பூசிய கம்பியைத் தண்ணீரில் போட்டால் அது ஒரு நீண்ட லேடன் ஜாடி (மின்னூட்டத்தைச் சேமிக்கும் குடுவை) போல நடந்துகொள்கிறது என்பதை இயற்பியலாளர் ஃபாரடே 1854இல் விளக்கியிருந்தார். செம்பு உள்தகடு, கடல்நீர் வெளித்தகடு, நடுவில் காப்பு. மின்னோட்டம் முதலில் இந்த ஜாடியை நிரப்ப வேண்டும், பிறகுதான் மறுமுனைக்குப் போகும். தாம்சன் இதற்குக் கணக்கு கொடுத்தார். நீளத்தை இரட்டித்தால் மின்தடை இரட்டிக்கும், மின்தேக்குத்திறனும் (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) இரட்டிக்கும். தாமதம் இரண்டின் பெருக்கல் என்பதால் அது நான்கு மடங்காகும். இதற்கு இருபடி விதி என்று பெயர் வந்தது.

தலைமை மின்னியலாளர் இதை ஏற்கவில்லை. 1856இல் செல்ட்டன்ஹாமில் நடந்த பிரிட்டிஷ் சங்கத்தின் (அறிவியல் வளர்ச்சிக்கான அமைப்பு) கூட்டத்தில், சோதனைக் கம்பிகளில் தான் எடுத்த அளவுகளைக் காட்டி இந்த விதியை மறுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் லண்டனில் ஓர் இரவு, நிலத்தடித் தந்திக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து 2,000 மைல் நீளமாக்கி, நிமிடத்துக்கு 200க்கு மேற்பட்ட குறிகளை அனுப்பிக் காட்டினார்கள். பங்குதாரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் குறிகளை எண்ணுவது வேறு, தந்தியைப் படிப்பது வேறு. ஒன்றுபோல மாறிமாறி வரும் துடிப்புகளை எண்ணிவிடலாம். புள்ளியும் கோடும் ஒழுங்கில்லாமல் கலந்து வரும்போது முந்தைய குறியின் வால் அடுத்த குறியின் மேல் ஏறிக்கொள்ளும்.

## கேபிள் வடிவம்: முதல் முடிவு

இறுதியான வடிவம் இது. நடுவில் முறுக்கிய ஏழு செம்புக் கம்பிகள், கடல் மைலுக்கு 107 ராத்தல் (48.5 கிலோ). அதன்மேல் மூன்று பூச்சாகக் கட்டாபெர்ச்சா, மைலுக்கு 261 ராத்தல் (118 கிலோ). அதற்கும் மேல் தார் தோய்த்த சணல். வெளியே 18 இரும்புப் புரிகள், ஒவ்வொன்றிலும் ஏழு மெல்லிய கம்பி. மொத்த விட்டம் சுமார் 16 மில்லிமீட்டர், எடை மைலுக்கு ஒரு டன்.

தலைமைப் பொறியாளர் கேட்டது வேறு: செம்பு 392 ராத்தல், கட்டாபெர்ச்சாவும் 392 ராத்தல். தாம்சனும் பருத்த செம்பையே விரும்பினார். இன்றைய அலகுகளில் தோராயமாகக் கணக்கிட்டால் வேறுபாடு புரியும். எடுத்துக்கொண்ட வடிவத்தில் மொத்தத் தடை சுமார் 22,000 ஓம், தேக்குத்திறன் சுமார் 540 மைக்ரோஃபாரட், பெருக்கினால் 12 விநாடி. பொறியாளர் கேட்ட வடிவத்தில் தடை 6,000 ஓமுக்கு இறங்கும், தேக்குத்திறன் 740 மைக்ரோஃபாரடுக்கு ஏறும், பெருக்கினால் நாலரை விநாடிக்குள். அதாவது அதே தூரத்தில் இரண்டரை மடங்கு வேகம்.

சிறிய கம்பி ஏன் வென்றது? முதல் காரணம் விலையும் கப்பலின் கொள்ளளவும். இரண்டாவது காரணம் அவசரம். 1857 கோடையில் இறக்கியாக வேண்டும் என்று அமெரிக்கப் பங்காளி உறுதியாக இருந்தார். பொறியாளர் கருத்துச் சொல்லும்போது ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தது. மூன்றாவதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்: ஃபாரடேவே அந்தப் பக்கம் நின்றார். கம்பி பருத்தால் ஜாடியின் தகடு பெரிதாகும், நிரப்ப அதிக மின்சாரம் வேண்டும், ஆகவே தாமதம் கூடும் என்பது அவர் வாதம். தேக்குத்திறனை மட்டும் பார்த்தால் அது சரி. தடை அதைவிட வேகமாகக் குறைகிறது என்பதை அந்த வாதம் கணக்கில் எடுக்கவில்லை. அன்றைய இயக்குநர் ஒருவரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால், ஃபாரடேயின் வாக்கும் மின்னியலாளரின் செயல்விளக்கமும் ஒரு பக்கம், முப்பத்திரண்டு வயதுப் பேராசிரியரின் சமன்பாடு மறுபக்கம். தவறான முடிவுதான், ஆனால் முட்டாள்தனமான முடிவு என்று சொல்ல முடியாது.

## உற்பத்தியில் கவனித்தவை

2,500 மைல் கேபிளை ஆறே மாதத்தில் முடித்தார்கள். உள்ளகம், அதாவது காப்புப் பூசிய செம்பு, ஓரிடத்தில் செய்யப்பட்டது. இரும்புக் கவசம் போடும் வேலை இரண்டு ஆலைகளுக்குப் பாதிப் பாதியாகப் பிரிந்தது, ஒன்று கிரீனிச்சில், மற்றது பர்கன்ஹெட்டில். அங்கிருந்து தொடங்குகிறது குறைகளின் பட்டியல்.

முதலாவது, இரண்டு ஆலைகளும் கவசத்தை எதிரெதிர்த் திசையில் முறுக்கிவிட்டன, ஒன்று வலமுறுக்கு, மற்றது இடமுறுக்கு. நேராக இணைத்துத் தொங்கவிட்டால் கேபிளின் எடையே இரண்டு பக்கமும் ஒரே திசையில் முறுக்கை அவிழ்க்கும். இணைப்பைச் சுற்றி மரச் சட்டம் ஒன்றைப் பொருத்திச் சமாளித்தார்கள். எதைச் செய்வது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எந்தப் பக்கம் முறுக்குவது என்று எழுதவில்லை.

இரண்டாவது செம்பு. ஆலையிலிருந்து வந்த கம்பித் துண்டுகளைத் தாம்சன் தம் ஆய்வகத்தில் அளந்தார். ஒரே தடிமன், ஒரே நீளம், ஆனாலும் கடத்துதிறனில் ஏறக்குறைய இரு மடங்கு வேறுபாடு. அன்றைய சந்தையில் செம்பு என்றால் செம்புதான். சிறிதளவு ஆர்சனிக் போன்ற கலப்பு மின்தடையை எவ்வளவு ஏற்றும் என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. 1857இல் அவர் இதை ராயல் சொசைட்டியில் வெளியிட்டார். ஆலையிலேயே ஒவ்வொரு சுருளையும் அளந்து, குறைந்ததைத் திருப்பி அனுப்பும் வழக்கம் இதிலிருந்துதான் பிறந்தது. ஆனால் முதல் 2,500 மைல் அதற்குள் முடிந்துவிட்டது.

மூன்றாவது, எங்கள் கணிப்பில் மிக முக்கியமானது, காப்பு. கட்டாபெர்ச்சா மலாய் நாட்டு மரமொன்றின் பால். வெந்நீரில் மாவு போல இளகும், குளிர்ந்தால் தோல் போல இறுகும். கடலடியின் குளிரும் இருட்டும் அதற்கு மிகவும் பிடித்த இடம். வெயிலும் காற்றும் எதிரிகள். முடிந்த கேபிள் கிரீனிச் ஆலை முற்றத்தில் கோடை வெயிலில் சுருண்டு கிடந்தது. இளகிய கட்டாபெர்ச்சாவுக்குள் கம்பி மெல்ல மெல்ல ஒரு பக்கமாக அமுங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே ஒரு பக்கம் மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டிய காப்பு சவ்வாக மெலிந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி உள்ளகத்தைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கசிவு மின்னோட்டத்தை அளப்பது. முடிந்த கேபிள் முழுவதையும் அப்படித் தண்ணீர்த் தொட்டியில் வைத்துச் சோதிக்கவே இல்லை. உலர்ந்த கேபிளில் ஊசித்துளை இருந்தாலும் மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனோமீட்டர் அசையாது. காற்றும் ஒரு காப்புதானே.

## இறக்கும் முயற்சிகள்

1857 ஆகஸ்டில் வலென்சியாவிலிருந்து கிளம்பிய முதல் முயற்சி சுமார் 380 மைலில் முடிந்தது. கப்பலின் பின்பகுதி அலையில் எழும் நேரம் பார்த்து, கேபிளை வெளியே விடும் பொறியின் பிரேக் இறுகியிருந்தது. இழுவை தாங்காமல் கேபிள் அறுந்து 2,000 ஃபேதம் ஆழத்தில் போய்விட்டது. மிச்சக் கேபிள் பிளிமத் துறைமுகத்தில் குளிர்காலத்தைக் கழித்தது. 700 மைல் புதிதாகச் செய்து சேர்த்தார்கள். குறிப்பிட்ட இழுவைக்கு மேல் போனால் தானாகவே விட்டுக்கொடுக்கும் பிரேக்கும் வந்தது. இயந்திரப் பகுதியில் பாடம் கற்றுக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். மின்பகுதியில் அந்த ஓய்வு மாதங்கள் வீணாயின. அதற்குள் சுருட்டியும் பிரித்தும் ஏற்றியும் இறக்கியும் பலமுறை வளைந்த கேபிள் அது.

1858 ஜூனில் நடுக்கடலில் இணைத்து ‘அகமெம்னான்’, ‘நயாகரா’ என்ற இரண்டு கப்பலும் எதிரெதிராகப் போகும் முறை வந்தது. போகும் வழியிலேயே ‘அகமெம்னான்’ கப்பலைப் பெரும்புயல் பல நாள் புரட்டியெடுத்தது. சுருளின் ஒரு பகுதி சிக்கிக் குலைந்தது. பிறகு மூன்று முறை இணைத்தார்கள், மூன்று முறையும் கேபிள் போனது.

ஜூலை 29இல் மறுபடி இணைப்பு. இந்த முறையும் தாம்சன் ‘அகமெம்னான்’ கப்பலில் தம் கண்ணாடி கால்வனோமீட்டரோடு இருந்தார். அன்று மாலையே, கடலுக்குள் இறங்கப்போகும் கேபிளில் ஓர் அடிபட்ட இடம் கண்ணில் பட்டது. அதை வெட்டி இணைக்கும் வேலை நடக்கும்போதே மறு கப்பலின் குறிகள் நின்றன. சிறிது நேரம் கழித்துத் தாமாகவே திரும்பி வந்தன. ‘நயாகரா’விலும் காப்பு பலவீனமாகி, சுருளின் ஒரு பகுதியை வெட்டி எறிந்தார்கள். எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் நின்று திரும்பி வரும் குறி என்றால் எங்கோ ஒரு பழுது தற்காலிகமாக மூடிக்கொண்டது என்று பொருள். ஆகஸ்ட் 5இல் கரையேறியது நோயாளிக் கேபிள்.

## இயக்கத்தில் எடுத்த முடிவுகள்

கரையில் கேபிள் தலைமை மின்னியலாளரின் பொறுப்புக்கு வந்தது. அவருடைய கருவி ஐந்தடி நீளத் தூண்டு சுருள்கள், அதாவது மின்னழுத்தத்தைப் பெரிதாக உயர்த்தும் கம்பிச் சுருள்கள். வெளியீடு சுமார் 2,000 வோல்ட் என்பது பிற்கால மதிப்பீடு. மறுமுனையில் வைத்திருந்தது அவரே வடிவமைத்த ரிலே, வரும் மின்னோட்டத்தால் இயங்கும் மின்காந்தச் சாவி. அது இயங்கக் கணிசமான மின்னோட்டம் வேண்டும்.

அவர் பார்வையில் தர்க்கம் நேரானது: குறி பலவீனமாக வருகிறதா, பலமாகத் தள்ளு. இருபடி விதி சொல்வது வேறு. மின்னழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால் மறுகரையில் எழும் அலையின் உயரம் பத்து மடங்காகும், வடிவம் மாறாது. முந்தைய குறியின் வாலும் பத்து மடங்காகும். வேகம் வேண்டுமென்றால் அலை எழத் தொடங்கும்போதே அதை உணரும் கருவி வேண்டும். மேலே சொன்ன 12 விநாடியை வைத்தே கணக்கிடலாம். மின்னோட்டம் தன் இறுதி அளவில் பாதியைத் தொடச் சுமார் 1.7 விநாடி ஆகும். நூற்றில் ஒரு பங்கைத் தொட அரை விநாடிகூட ஆகாது. ரிலே காத்திருக்க வேண்டியது முதலாவதற்கு. கண்ணாடி கால்வனோமீட்டருக்கு இரண்டாவது போதும்.

அந்தக் கருவியை அருகில் போய்ப் பார்ப்போம். பட்டு நூலிழை ஒன்றில் சுண்டுவிரல் நகத்தளவு வட்டக் கண்ணாடி தொங்குகிறது, முதுகில் ஒட்டிய குட்டிக் காந்தத் துண்டோடு. இரண்டும் சேர்ந்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு எடைதான். சுற்றிலும் மெல்லிய கம்பிச் சுருள். விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, எதிரே உள்ள அளவுகோலில் ஒரு புள்ளியாக விழும். கண்ணாடி மயிரிழை திரும்பினால் புள்ளி விரற்கடை நகரும். ஒளிக்கதிர் என்ற இந்தக் குச்சிக்கு எடையே கிடையாது என்பதில்தான் சூட்சுமம். ஒருவர் இருட்டறையில் புள்ளியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிக்கொள்வார்.

ரிலே படிக்கும்படி எதையும் தரவில்லை. இரு கரையிலும் உண்மையில் படித்தது இந்த ஒளிப்புள்ளியைத்தான். வலென்சியாவில் ஒளிப்புள்ளியில் படித்த தந்தியைத் தலைமை மின்னியலாளரின் பதிவுக் கருவியில் கையால் மறுபடி தட்டி, அதில் பதிவானதைப் போல இயக்குநர்களுக்கு அனுப்பினார்கள். பழுதைத் தேடுவோருக்கு இதைவிடக் கெட்ட செயல் கிடையாது. எந்தக் கருவி வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்ற ஒரே பயனுள்ள தகவலை அது மறைத்துவிட்டது.

முதல் நாட்களின் இயக்கப் பதிவில் இருப்பது செய்தியே அல்ல. “திரும்ப அனுப்புங்கள்.” “இப்போதைக்கு மெதுவாக அனுப்புங்கள்.” “எப்படி வருகிறது?” “இதைப் படிக்க முடிகிறதா?” “ஏதாவது அனுப்புங்கள்.” நியூஃபவுண்ட்லாந்து எழுத்தர்களும் வலென்சியா எழுத்தர்களும் நாள்கணக்கில் இதையே பரிமாறினார்கள். ஒரு பக்கம் சுருள், மறுபக்கம் ரிலே, எந்த வேகம், எந்தக் குறிமுறை என்பதற்கு முன்கூட்டிய ஒப்பந்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 16இல் அரசி விக்டோரியாவின் 98 சொல் செய்தி அதிபர் புக்கனனுக்குப் போனது. முடிய சுமார் 16 மணி நேரம் ஆனது. அதாவது ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம். நியூயார்க்கில் வாணவேடிக்கை நகர மண்டபத்தின் கூரையிலேயே தீப்பிடிக்கும் அளவுக்குக் கொண்டாட்டம். மிச்சக் கேபிளை நான்கு அங்குலத் துண்டுகளாக நறுக்கி நினைவுப்பொருளாக ஒரு நகைக்கடை விற்றது. அந்தத் துண்டுகள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன.

இதற்கிடையே தலைமை மின்னியலாளர் பழுது துறைமுகத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, இயக்குநர்களின் அனுமதி இல்லாமல் கரையோரக் கேபிளைத் தூக்கிச் சரிசெய்ய இறங்கினார். ஆகஸ்ட் 17இல் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். தாம்சன் பொறுப்பேற்றார். சுருள்களை விட்டுவிட்டு, குறைந்த மின்னழுத்தம் தரும் டேனியல் மின்கலங்களையும் கண்ணாடி கால்வனோமீட்டரையும் வைத்து வேலையைத் தொடர்ந்தார்.

## பழுது வளர்ந்த விதம்

காப்பில் ஊசித்துளை ஒன்று. உள்ளே செம்பு, வெளியே உப்புநீர். செம்பில் நேர்மின் இணைத்தால் செம்பு கரைந்து குளோரைடாகத் துளையில் படியும். துளை அடைபட்டதுபோலத் தோன்றும், அளவு நன்றாக வரும், ஆனால் கம்பி தேய்ந்துகொண்டிருக்கும். எதிர்மின் இணைத்தால் ஹைட்ரஜன் குமிழி எழும்பிப் படிவைத் தள்ளி, செம்பு மறுபடி வெளிப்படும், கசிவு கூடும். கப்பலில் குறி நின்று பிறகு வந்ததற்கு இப்படி ஒரு காரணம் இருந்திருக்கலாம். சில வோல்ட்டில் இது மெல்ல நடக்கும். 2,000 வோல்ட்டில் துளையிலுள்ள நீர் சூடேறும், சுற்றியுள்ள கட்டாபெர்ச்சா இளகும், கருகும், துளை அகலும். குத்திய உள்ளகத்தைக் கடல்நீரில் மூழ்கவைத்து அதே வகைச் சுருளால் பின்னர் சோதித்தபோது இதுதான் நடந்தது.

## விளைவு

ஆகஸ்ட் 31இல் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய தந்திகள் தனியாகக் குறிப்பிடத்தக்கவை. இந்தியாவில் 1857இல் தொடங்கிய கிளர்ச்சிக்காகக் கனடாப் பகுதியிலிருந்து இரண்டு படைப்பிரிவுகளைத் திரும்ப அழைத்திருந்தார்கள். தேவை தீர்ந்ததால் கிளம்ப வேண்டாம் என்ற உத்தரவு கேபிள் வழியே போனது. மிச்சமான செலவு 50,000 பவுண்டுக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். நிறுவனத்தின் மொத்த முதலீட்டில் ஏழில் ஒரு பங்கு, ஒரே நாள் தந்தியில். கேபிள் செத்த பிறகும் பணம் போடுவோர் முற்றிலும் ஓடிவிடாததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

செப்டம்பர் 1இல் நியூயார்க் அதிகாரபூர்வ விழா எடுத்தது. அன்றோடு படிக்கத்தக்க தந்தி நின்றது. வார்லி என்ற மின்னியலாளர் சில நாளில் வலென்சியா வந்து அளந்தார். ஒற்றைக் கம்பி, மறுமுனையில் ஒத்துழைப்புக் கிடையாது. ஆகவே கரையிலிருந்து பழுதின் வழியே கடலுக்குப் போகும் பாதையின் தடையை அளந்து, அது எத்தனை மைல் செம்புக்குச் சமம் என்று பார்ப்பதுதான் வழி. பழுதின் சொந்தத் தடையும் அதில் சேர்ந்துவிடும் என்பதால் கிடைப்பது மேல்வரம்பு மட்டுமே. பழுது வலென்சியாவிலிருந்து 300 மைலுக்குள் என்று வந்தது. மறுகரையின் மங்கலான குறிகள் தென்பட்டதால் செம்பு முழுக்க அறவில்லை என்றும் தெரிந்தது. துறைமுகத்தில் தேடியது வீண். அவ்வளவு ஆழத்திலிருந்து தூக்கவும் வழியில்லை. அக்டோபர் 20 வாக்கில் கடைசி அசைவும் நின்றது.

1859–60இல் சூயஸிலிருந்து ஏடன் வழியாகக் கராச்சிக்குப் போட்ட செங்கடல் கேபிளும் தோற்றது. அதற்குப் பிறகு அரசு விழித்துக்கொண்டது. வர்த்தக வாரியமும் நிறுவனமும் சேர்ந்து அமைத்த குழு 1861இல் அறிக்கை தந்தது. அதுவரை போட்ட 11,364 மைல் கடலடிக் கேபிளில் சுமார் 3,000 மைலே இயங்கிக்கொண்டிருந்தது என்பது அதன் கணக்கு. தோல்விகளுக்குக் காரணம் இயற்கை அல்ல, தவிர்த்திருக்கக்கூடிய குறைகள் என்று குழு முடிவு செய்தது.

எங்கள் கருத்து இது. 1980களில் இந்தக் கேபிளின் ஒரு துண்டை ஆராய்ந்தபோது கம்பி மையத்திலிருந்து மோசமாக விலகியிருந்தது. தூண்டு சுருளே இல்லாமல் டேனியல் மின்கலத்தோடு தொடங்கியிருந்தாலும் இந்தக் கேபிள் சில மாதம் கூடுதலாக ஓடியிருக்கும், அவ்வளவுதான். தலைமை மின்னியலாளர் மீது முழுப் பழியும் விழுந்தது இயக்குநர் குழுவுக்கு வசதியாக இருந்தது. சோதிக்காத கேபிளை ஏற்றுக்கொண்டதில் அந்தக் குழு முழுவதற்கும் பங்கு உண்டு, தாம்சன் உட்பட.

## என்ன மாறியிருக்க வேண்டும், பிறகு எது மாறியது

1865–66 கேபிள்களை இதே இடத்துக்கான திருத்திய வடிவமாகப் பார்க்கலாம். செம்பு மைலுக்கு 300 ராத்தல், கட்டாபெர்ச்சா 400 ராத்தல். கவசத்தில் பத்துத் தனி எஃகுக் கம்பிகள், ஒவ்வொன்றின் மேலும் மணிலா நார். அறுபடும் இழுவை சுமார் மூன்றேகால் டன்னிலிருந்து ஏழேமுக்கால் டன்னாக உயர்ந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் அளவெடுப்பில்.

செம்பின் கடத்துதிறன் ஒப்பந்த நிபந்தனையானது. குறைந்த சுருள் திரும்பிப் போகும். உள்ளகத்தை 24 மணி நேரம் 24 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்த பிறகே காப்பை அளந்தார்கள். வெப்பநிலையை நிலையாக வைப்பது சம்பிரதாயம் அல்ல. கட்டாபெர்ச்சாவின் காப்புத் தடை சில டிகிரி ஏறினாலே பாதியாகிவிடும். வெப்பநிலை எழுதாத காப்பு அளவுக்கு அர்த்தமே இல்லை. முடிந்த கேபிள் ஆலையிலும் கப்பலிலும் தண்ணீர்த் தொட்டியிலேயே இருந்தது. ‘கிரேட் ஈஸ்டர்ன்’ கப்பலில் இறக்கும்போது கரையும் கப்பலும் ஒரே நேரத்தில் காப்பையும் தொடர்ச்சியையும் கண்காணித்தன. பழுது தெரிந்ததும் கப்பல் நிற்கும், கேபிளை மேலே இழுப்பார்கள். 1865இல் அப்படி இழுக்கும்போதே கேபிள் அறுந்தது. 1866 ஜூலை 27இல் புதிய கேபிள் நியூஃபவுண்ட்லாந்தின் ஹார்ட்ஸ் கன்டென்ட் கரையைத் தொட்டது. செப்டம்பரில் பழையதையும் மீன்பிடிப்பது போலக் கொக்கி போட்டுத் தூக்கி முடித்தார்கள். நிமிடத்துக்கு எட்டுச் சொல் போனது. இரண்டு கேபிளையும் மறுகரையில் ஒன்றாக இணைத்து, வெள்ளி விரலுறை ஒன்றில் துளி அமிலமும் துண்டு துத்தநாகமும் வைத்த குட்டி மின்கலத்தால் தந்திப் பொறியாளர் லாட்டிமர் கிளார்க் குறி அனுப்பிக் காட்டினார்.

அலகுகளின் பொருட்டு ஒரு சொல். 1858இல் தாம்சன் தடையைச் சொல்ல வேண்டுமென்றால் ‘இந்தக் கேபிளின் இத்தனை மைல்’ என்றுதான் சொல்ல முடியும். அந்த மைலின் செம்பே சுருளுக்குச் சுருள் வேறு. கிளாஸ்கோவில் அளந்த எண்ணை கிரீனிச்சில் சரிபார்க்க வழியே இல்லை. பிரிட்டிஷ் சங்கம் 1861இல் மின்தடைத் தர அலகுக் குழுவை அமைத்ததற்கு நேரடித் தூண்டுதல் கேபிள் பொறியாளர்களிடமிருந்து வந்தது. ஓம் என்ற அலகு அதன் விளைவு. இன்று மல்டிமீட்டரில் பார்க்கும் அந்த ஒமேகாக் குறி ஒரு தந்தி நிறுவனத்தின் கொள்முதல் தகராறிலிருந்து வந்தது என்றால் மிகையில்லை.

ஒரு விஷயம் உடனே மாறவில்லை. இயக்கப் பதிவேட்டில் எந்தக் கருவியால், எத்தனை மின்கலத்தால், எந்த முனையை இணைத்து அனுப்பினார்கள் என்பதை ஒவ்வொரு தந்தியோடும் எழுதும் பழக்கம் எல்லா நிலையத்திலும் வரச் சில ஆண்டு பிடித்தது. 1858 ஆகஸ்டின் முதல் பத்து நாள் பதிவில் அந்த மூன்று விவரமும் ஒழுங்காக இருந்திருந்தால், பழுது துறைமுகத்தில் இல்லை என்பதைக் கேபிளைத் தூக்காமலே, தாளில் கணக்குப் போட்டே சொல்லியிருக்கலாம்.